சணல் இல்லை அம்மா, லினன்

"ஏன் கண்ணு, சாக்கு தைக்கப் போறியா?"

பாலக்கோட்டிலிருந்து வீடியோ கால். பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) நகரத்துக் கடையில் சட்டை பின்னுவதற்கு வாங்கிய லினன் நூலைக் காட்டியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி. சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அம்மா பார்த்தது சரி. சணலும் லினனும் செடித் தண்டிலிருந்து உரித்தெடுக்கும் நார்கள்தான். வாங்கிய புதிதில் லினன் நூல் விறைத்துக்கொண்டு, வழுக்கிக்கொண்டு, வெறும் கயிறாகத்தான் கையில் நிற்கும். துவைக்கத் துவைக்கத்தான் அது துணியாகும்.

இது ஆளிவிதைச் செடியின் நார். பெல்ஜியத்தின் மேற்கே கோர்ட்ரைக் வட்டாரத்தில் மார்ச், ஏப்ரலில் விதைக்கிறார்கள். ஜூனில் வயல் முழுக்க நீலப்பூ. காலையில் விரிந்து மதியத்துக்குள் உதிர்ந்துவிடும். இந்தச் செடியை அறுப்பதில்லை, வேரோடு பிடுங்குகிறார்கள். வயலிலேயே பரப்பி வாரக்கணக்கில் பனியிலும் மழையிலும் போட்டுவைப்பார்கள். தண்டுக்குள் இருக்கும் பசை இளகினால்தான் நார் பிரியும். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கூட்டைக் கொதிநீரில் போடுவதும் பசையை இளக்கி இழையை எடுக்கத்தானே.

இங்கே 26 டிகிரி வந்தால் பக்கத்து வீட்டார் "தாங்க முடியவில்லை" என்கிறார்கள். நாமும் பழகிப்போய்த் தலையாட்டுகிறோம். ஆனால் மே மாத மதியம், கரண்ட் போய், திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்த நாள்கள்தான் நினைவில் வருகின்றன. லினன் வியர்வையை உறிஞ்சிச் சீக்கிரம் காயும், உடம்பில் ஒட்டாது. அந்தத் திண்ணைக்குத்தான் இது பொருத்தம். அதனால் கீழே இருக்கும் அளவு ஊருக்குப் போனால் போடுவதற்கான தொளதொள மேல்சட்டைக்கு.

மார்புச் சுற்றளவு 95 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தளர்வுக்கு 20 செ.மீ. சேர்த்தால் 115. முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு நீள்சதுரங்கள், ஒவ்வொன்றும் 57.5 செ.மீ. அகலம். 100 கிராமுக்கு 300 மீட்டர் ஓடும் நூலில் 250 கிராம் போதும். இரண்டு, மூன்று புரி சேர்த்து முறுக்கிய நூலாகப் பார்த்து வாங்குங்கள். ஒற்றைப் புரி நூலில் துணி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டே போகும். பின்ன 3.75 மி.மீ. மூங்கில் ஊசி எடுங்கள். உலோக ஊசியில் கண்ணி, அதாவது பின்னல் வளையம், வழுக்கி விழும். சிட்டத்தை, அதாவது கடையில் தரும் நூல் வளையத்தை, நாற்காலி முதுகில் மாட்டி, ஒரு அட்டைக் குழல்மேல் கண்டாகச் சுற்றிக்கொள்ளுங்கள். உள்ளிருந்து நூல் இழுக்கிற மாதிரி சுற்றினால் பாதியிலேயே கண்டு சரிந்து சிக்காகிவிடும்.

மாதிரித் துண்டு பின்னாமல் லினனில் இறங்கவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. 40 கண்ணி ஏற்றி, 18 செ.மீ. உயரம் பின்னி, 40 டிகிரி நீரில் மெஷினில் துவைத்து, காயவைத்து அளக்க வேண்டும். பிறகு அடியில் நாலு துணி கிளிப் மாட்டி ஒரு இரவு தொங்கவிட்டு, மறுபடியும் அளக்க வேண்டும். துவைத்தால் நீளம் குறுகும், தொங்கினால் கூடும். உண்மையான அளவு அந்த இரண்டாவது அளவுதான். கம்பளிக்குப் பழகிய கை இங்கேதான் ஏமாறும். கம்பளி இழுத்த இழுப்புக்குத் திரும்பி வரும், லினன் வராது. கால் கிலோ நூலின் எடையே சட்டையைக் கீழே இழுக்கும். 56 செ.மீ. வேண்டுமென்றால் 54 பின்னினால் போதும்.

10 செ.மீ.க்கு 20 கண்ணி, 28 வரிசை வந்தால் கணக்கு இது. 57.5 செ.மீ.க்கு 115, தையல் ஓரங்களுக்கு 2, ஆக 117 கண்ணி ஏற்றுங்கள். அடிப்பட்டைக்கு ரிப், அதாவது ஓரத்தைச் சுருக்கிப் பிடிக்கும் கோட்டுப் பின்னல், வேண்டாம். லினனில் ரிப் சுருங்கிப் பிடிக்காது, விரிந்து தொங்கும். ஆறு வரிசை எல்லாமே நிட் (நேர்க்கண்ணி) போட்டு, அதன்பின் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (மறுபுறக் கண்ணி) என்று தொடருங்கள். மொத்தம் 152 வரிசை.

துணியில் குறுக்குக் கோடு விழுகிறதா? பர்ல் வரிசை தளர்வதுதான் காரணம். நெகிழாத நூல் அந்தத் தளர்வை மறைக்காது. முனை மாற்றக்கூடிய வட்ட ஊசியில் (இரண்டு முனைகளை வயரால் இணைத்த ஊசி), பர்ல் போடும் பக்கத்துக்கு 3.5 மி.மீ. முனையை மாட்டினால் கோடு மறைந்துவிடும்.

பின்பக்கத்தை நேராக முடித்து, நடுவில் 49 கண்ணியை மூடுங்கள். தோளுக்கு இரு பக்கமும் 34 கண்ணி நிற்கும். முன்பக்கத்தில் முடிவுக்கு 20 வரிசை முன்பே கழுத்தைத் தொடங்க வேண்டும். நடு 25 கண்ணியை மூடி, ஒவ்வொரு பக்கமும் முதலில் 3 கண்ணி, பிறகு இரண்டு வரிசைக்கு ஒன்றாக 9 கண்ணி குறைத்தால் அதே 34 வரும். தோள்களை மூன்று ஊசி முறையில், அதாவது இரண்டு ஊசிகளில் நிற்கும் கண்ணிகளை மூன்றாவது ஊசியால் ஒன்றாகப் பின்னி, சேர்த்து மூடுங்கள். அந்தத் தையல்தான் எடையைத் தாங்கும். பின்கழுத்து ஓரத்தில் குரோஷா ஊசியால் ஒரு வரிசை இறுக்கமாக ஓட்டினால் கழுத்து தோளைவிட்டு இறங்காது.

நடுவில் நூல் தீர்ந்தால், கம்பளி நுனிகளை ஈரமாக்கித் தேய்த்து ஒட்டுவதுபோல் இதில் முடியாது. புது நூலை ஓரத்தில் தொடங்கி, 15 செ.மீ. வால் விட்டு, புரிகளைப் பிரித்து வெவ்வேறு திசையில் கோத்து மறையுங்கள். பக்கத்தில் அடியிலிருந்து 8 செ.மீ. பிளவு, மேலே கைக்கு 20 செ.மீ. விட்டு நடுவைத் தையுங்கள்.

ஊரில் துவைப்பதைப் பற்றித்தான் பலரும் பயப்படுகிறார்கள். பயமே வேண்டாம். லினன் ஈரத்தில் இன்னும் வலுவாகும். துவைக்கும் கல்லில் இரண்டு அடி அடித்தால் சீக்கிரம் மிருதுவாகும். ஆகாதது போர்வெல் உப்புத் தண்ணீர், அதில் விறைத்துப்போகும். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் கடைசி அலசலை வைத்துக்கொள்ளலாம். கஞ்சி போடவே கூடாது. கொடியில் தோளைப் பிடித்துத் தொங்கவிடாமல், நடுவில் மடித்துப் போடச் சொல்லுங்கள்.

இந்த அளவில் பின்னினால் வெளிச்சத்தில் துணி வழியே உடம்பு கொஞ்சம் தெரியும். கென்ட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஊரில் அத்தை ஒரு துண்டை எடுத்துவந்து தோளில் போட்டுவிடுவார். உள்ளே பருத்தி ஸ்லிப் போட்டுக்கொள்ளலாம். கோயிலுக்கும் போட வேண்டுமென்றால் கைத்துளையைச் சுற்றி 80 கண்ணி எடுத்து, 10 செ.மீ. பின்னினால் அரைக்கை வந்துவிடும். 250 கிராமிலேயே அதற்கும் நூல் மிஞ்சும்.