எக்ஸ்.எம்.ஆர்.வி.க்குப் பிறகும் மிச்சமிருக்கும் கேள்வி

ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையிலேயே கிடக்க நேரும் என்ற கணக்கோடு வாழ்கிறவள் நான். நாள்பட்ட சோர்வு நோய்க்குறியை வெறும் அசதியிலிருந்து பிரித்துக் காட்டுவது, உழைப்புக்குப் பின் தாமதமாக வந்து ஆளைச் சாய்க்கும் இந்தச் சரிவுதான். அப்படியிருந்தும், சில மாதங்களாக, தம் மரபணுக்களை நம் டி.என்.ஏ.யிலேயே எழுதிவிடும் வைரஸ்களான ரெட்ரோவைரஸ்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருகிறேன்.

அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்களில் பலருக்கு 2009தான் நினைவுக்கு வரும். அந்த ஆண்டு அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, 101 நோயாளிகளில் 68 பேரின் இரத்தத்தில் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற ரெட்ரோவைரஸ் இருப்பதாக அறிவித்தது. எச்.ஐ.வி.யும் ஒரு ரெட்ரோவைரஸ் என்பதால், நோயாளிகள் சிலர் எச்.ஐ.வி. மருந்துகளைக்கூட உட்கொள்ளத் தொடங்கினார்கள். பின்னர் தெரியவந்த உண்மை வேறு. மனிதப் புற்றுநோய்த் திசுவை எலிகளின் உடலில் வைத்து வளர்த்தபோது, எலியின் மரபணுத்தொகுதியிலேயே இருந்த இரண்டு ரெட்ரோவைரஸ் வரிசைகள் இணைந்து உருவானதே அந்த வைரஸ். அது ஆய்வகத்தில் மாதிரிகளோடு கலந்துவிட்டிருந்தது. 2011 டிசம்பரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2012இல் அமெரிக்க வைரஸ் ஆய்வாளர் இயன் லிப்கினின் குழு 147 நோயாளிகளைச் சோதித்தபோது ஒருவரிடமும் அது இல்லை.

அந்த ஏமாற்றத்தின் காரணமாக, முற்றிலும் வேறான இன்னொரு கேள்வியையும் சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது என்றே இதை எழுதுகிறேன். நம் டி.என்.ஏ.யில் ஏறத்தாழ 8 சதவீதம், பெரும்பாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு நம் மூதாதையரின் கருவணுக்களில் புகுந்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ரெட்ரோவைரஸ்களின் எச்சம். இவை தொற்றுவதில்லை, பிறக்கும்போதே எல்லோரிடமும் இருக்கின்றன. பெரும்பாலானவை சிதைந்தவை, மற்றவற்றையும் செல்கள் டி.என்.ஏ.மீது மீத்தைல் என்ற வேதிக்குறியைப் பூட்டாகப் போட்டு அடக்கி வைத்திருக்கின்றன. சில நமக்கு உழைக்கவும் செய்கின்றன: நஞ்சுக்கொடி உருவாக உதவும் சின்சிட்டின் புரதம் இப்படி வந்ததுதான்.

பூட்டு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி. எப்ஸ்டீன்-பார் வைரஸ் நோயெதிர்ப்பு அணுக்களான பி செல்களில் நுழையும்போது எச்.இ.ஆர்.வி.-கே18 என்ற உள்ளுறை வைரஸை எழுப்புகிறது. அதன் உறைப் புரதம் சூப்பர்ஆன்டிஜெனாகச் செயல்பட்டு, இன்னொரு வகை நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்களைக் கூட்டம் கூட்டமாகத் தூண்டுகிறது. எங்களில் கணிசமானோருக்கு நோய் தொடங்கியதே அந்த வைரஸ் தரும் சுரப்பிக் காய்ச்சலுக்குப் பிறகுதான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கும்போது, எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை.

ஆனால் என் மனத்தில் தோன்றுவது சான்றாகாது. நோயாளிகளின் இரத்த அணுக்களில் இந்த வரிசைகள் கூடுதலாகச் செயல்படுவதாகச் சில ஆய்வுகள் காட்டின. கே18ஐ அளந்த ஓர் ஆய்வில் வேறுபாடே தெரியவில்லை. அண்மையில் ஸ்பெயின் ஆய்வாளர்கள், இந்த வரிசைகளின் செயல்பாட்டுக் கோலத்தை வைத்தே இந்நோயை, உடலெங்கும் வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியாவிலிருந்து பிரித்தறிய முடிந்தது என்று காட்டியிருக்கிறார்கள். பங்கேற்றவர்களின் எண்ணிக்கை சிறியது. அதைவிடப் பெரிய சிக்கல், அழற்சியே இந்த வரிசைகளை எழுப்பவல்லது என்பது. அப்படியானால் நாம் காண்பது நோயின் காரணமா, நோய் விட்டுச்சென்ற தடமா என்று ஒரே நாளில் எடுத்த இரத்தத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஒரே நோயாளியிடம் உழைப்புக்கு முன்பும், 24 மணி நேரம் கழித்தும், சரிவின் உச்சத்திலும் இரத்தம் எடுத்து, பூட்டு தளர்வது முதலில் நடக்கிறதா, சரிவு வந்த பிறகு நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியோர் ஆய்வுக்கு அழைத்தால், அதன்பின் எத்தனை நாள் படுத்துக் கிடக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே போவேன்.