நியாண்டர்தால் கிழவருக்கு முகம்: தாடை வரை வந்தாயிற்று

மண்டை ஓட்டின் நகல்மேல் களிமண்ணால் தசை கட்டி, ஆளின் முகத்தை உருவாக்கிப் பார்க்கிறேன். அதற்கு 1908-ல் பிரான்சின் லா ஷப்பேல்-ஓ-சான் குகையில் கிடைத்த நியாண்டர்தால் (அழிந்துபோன பழைய மனித இனம்) மண்டை ஓடுதான் நான் எடுத்துக்கொண்டது. கிழவர் என்றே இவருக்குப் பெயர். கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் உயிரோடிருக்கும்போதே விழுந்து, தாடை எலும்பு ஆறி மழுங்கியிருக்கிறது. அந்தப் பொக்கை வாய்க்காகவே தேர்ந்தெடுத்தேன்.

மண்டை முன்பின்னாகக் கிட்டத்தட்ட 21 செ.மீ., என் 3டி பிரின்டர் தட்டு 22, தப்பித்தேன். கீழ்த்தாடையைத் தனியாகப் பிரின்ட் எடுத்துக் கம்பி போட்டு மாட்டினேன்.

மண் விசாரிக்க பெங்களூரு பாட்டரி டவுனுக்குப் போனால் அங்கே சக்கரத்தில் இருந்த அக்கா சுத்தத் தமிழில், "காயும்போது மண்ணு சுருங்கும் தம்பி, உள்ள இருக்கற பிளாஸ்டிக் சுருங்குமா? வெடிச்சிடும்" என்றார். சரி, காயாத எண்ணெய்க் களிமண்.

காது குடையும் பட்ஸ் குச்சியை வெட்டி, தோலும் சதையும் சேர்ந்த தடிமனுக்கு அடையாளமாக எலும்பில் ஒட்டினேன். ஆனால் எங்கே எவ்வளவு தடிமன் என்று சொல்லும் அட்டவணைகள் எல்லாம் இன்றைய மனிதர்களை அளந்தவை, இவருக்கு எவ்வளவு பொருந்துமோ. அதனால் குச்சியைவிடத் தசையைத்தான் நம்புகிறேன். மான்செஸ்டரில் முக மறுஉருவாக்க நிபுணர் ரிச்சர்ட் நீவ் வளர்த்த முறையிலும் இரண்டும் உண்டு, தசையை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வரவேண்டும். முதலில் நெற்றிப்பொட்டுத் தசை, விசிறியாக விரிந்து கன்ன எலும்பு வளைவுக்கு உள்பக்கமாக நுழைந்து தாடையில் பிடிக்கும். அதன்மேல், வளைவிலிருந்து தாடை மூலைக்கு இறங்கும் மெல்லும் தசை. இந்த இரண்டும் உட்கார்ந்ததுமே பக்கவாட்டில் ஆள் தெரிய ஆரம்பித்துவிட்டார். கண்ணுக்குச் சிக்பேட்டையில் வாங்கிய 25 மி.மீ. மர மணி.

வாய்தான் ரொம்பப் படுத்துகிறது. பல் இல்லாத இடத்தில் கன்னம் உள்ளே வாங்கவேண்டும், உதடு மடங்கவேண்டும், அதற்குக் கீழே முகவாயே கிடையாது, நேராகக் கழுத்துக்குச் சரிகிறது. கையோ பழக்கத்தில் முகவாயை உருட்டப் பார்க்கிறது.

கழுத்தை நிமிர்த்தித்தான் வைத்தேன். இவர் எலும்புகளை முதலில் ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானி மார்சலான் பூல் இவரைக் கூன்போட்டவராக எழுதிவிட்டுப் போக, 1957-ல் உடற்கூறியலாளர்கள் ஸ்ட்ராஸும் கேவும் எலும்புகளைத் திரும்பப் பார்த்து, மனுஷனுக்கு மூட்டுவாதம் என்றார்கள். மூட்டுவாதக்காரரை வைத்து ஓர் இனத்துக்கே கூன் போட்டது அநியாயம்.

அப்புறம் காது. எலும்பில் துளைதான் இருக்கிறது, மடல் முழுக்க ஊகம். எதிர்வீட்டுத் தாத்தாவின் காதைப் போட்டோ எடுக்கச் சம்மதம் வாங்கியாயிற்று, எதற்கென்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.