எங்கள் ஏரியில் ஆகாயத்தாமரை எடுக்க வைத்த கதை

போன வாரம் ஒருவழியாக ஏரியில் பொக்லைன் இறங்கிவிட்டது. அதற்குள் பட்ட பாடு இருக்கிறதே!

திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பதெல்லாம் சுலபம். ரசீதும் கையோடு தந்துவிடுகிறார்கள். அப்புறம்தான் கூத்து. மனு போய்ச் சேர்ந்த அலுவலகத்தில், “இது எங்க ஏரி இல்ல மேடம், அடுத்த பில்டிங்ல கேளுங்க” என்றார்கள். அடுத்த பில்டிங்கில் தலையைக்கூட நிமிர்த்தாமல் பழைய இடத்துக்கே கைகாட்டினார் ஒருவர். இப்படியே ஒரு கோடை போனது.

மனு எழுதுமுன் ஏரி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் என்றால் நீர்வளத் துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். பார்க்க வேண்டியது ஏரியின் பரப்பை அல்ல, பாயும் நிலத்தின் பரப்பை. எங்கள் ஊரில் வயலெல்லாம் மனையாகிவிட்டது. ஆனாலும் பதிவேட்டுக் கணக்குதான் பேசுகிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். வந்த பதிலை அடுத்த மனுவோடு இணைத்ததும் யாரும் வாய் திறக்கவில்லை.

நடுவில் “தண்ணி ரிப்போர்ட் இருந்தா கொண்டு வாங்க” என்றார் ஒரு கிளார்க். எதில் பிடிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, “ஏதாவது பாட்டில்ல” என்றார். ஆய்வகத்தில் அந்தத் தண்ணீர் பாட்டிலைத் தொடக்கூட இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் பார்க்க வேண்டுமென்றால் 300 மில்லி கண்ணாடிக் குப்பி வேண்டும், உள்ளே ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது, சோதனைக்கான மருந்தையும் கரையிலேயே குப்பியில் ஊற்றிவிட வேண்டும். ஆய்வகத்துத் தம்பி ஒருவர் நேரில் வந்து செய்தார். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியுமாம். செடிக்கு அடியில் எடுத்த குப்பியில் வெள்ளையாகவே படிந்தது. அதை செல்லில் படம் எடுத்து ரிப்போர்ட்டோடு கொடுத்தேன்.

வேலை நடக்கும்போது கரையிலேயே நில்லுங்கள். அள்ளியதைக் கரையில் குவித்துவிட்டுப் போகப் பார்த்தார்கள். ஒரு மழை போதும், எல்லாம் திரும்ப ஏரிக்குள். சண்டை போட்டு டிப்பரில் ஏற்ற வைத்தோம். உடைந்த துண்டுகூடத் துளிர்க்கும், சேற்றில் விதை வருஷக்கணக்கில் கிடக்கும்.

இதற்கெல்லாம் தீனி போடுவது வரத்துக்கால்வாயில் விழும் சாக்கடை. அந்தக் கால்வாய் யார் பொறுப்பு என்று கேட்டு நேற்று இன்னொரு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.