ஏழாம் நம்பர் மலையின் ஓரத்தில்

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்த காலத்தில், தொழிலாளரைக் கூட்டி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் சிறுத்தைப் பேச்சு எழாத வாரம் குறைவு. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் நாயொன்று காணாமற்போனால் புலி கொண்டுபோய்விட்டது என்பார்கள். எங்கள் பக்கத்தில் சிறுத்தைக்கும் புலி என்றே பெயர். காட்டுப்பன்றிக்கென்று கட்டும் சுருக்குக் கம்பியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறந்ததில்லை, நான் உட்பட.

ஒருநாள் ஏழாம் நம்பர் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன பெண்கள் கூடையோடு ஓடிவந்து, "ஐயா, கான் ஓரத்துல புலி மாட்டிக்கிட்டு உறுமுது" என்றார்கள். தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் இடத்தில், இடுப்பில் சுருக்கு இறுகி அது கிடந்தது. மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கம்பி. கம்பி கட்டியிருந்த மரத்தின் பட்டை உரிந்து, சுற்றிலும் தேயிலைச் செடிகள் வட்டமாக முறிந்து கிடந்ததைப் பார்த்தபோது, இரவு முழுவதும் அது போராடியிருக்கிறது என்று புரிந்தது.

வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்தோம். மிருக வைத்தியர் வந்து சேர்வதற்குள் மூன்று லயத்துச் சனமும் கைத்தொலைபேசியோடு திரண்டுவிட்டது. கூட்டத்தை முதலிலேயே விலக்காதது என் தவறு. ஆள் நெருங்கும்போதெல்லாம் அது பாய்ந்தது. பாயும்போதெல்லாம் சுருக்கு மேலும் இறுகியது. வெளிக்காயம் சிறிதென்றாலும் உள்ளுறுப்புகள் நசுங்கியிருக்கும் என்று வைத்தியர் சொன்னார். மூன்றாம் நாள் இறந்துவிட்டது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தையும் உயிரோடு மீட்கப்பட்டுச் சில நாட்களில் இறந்தது.

கம்பி கட்டியவர் யாரென்று தோட்டத்தில் தெரியாதவர் இல்லை. மரக்கறிப் பாத்தியைக் கிளறும் காட்டுப்பன்றிக்காகவும் கொஞ்சம் இறைச்சிக்காகவும் கட்டியவரைக் கொலைகாரன் என்று பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இலங்கைச் சிறுத்தை உலகில் வேறெங்கும் இல்லாத துணையினம். 1937 ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருந்தும், பன்றிக்கென்று கட்டிய சுருக்கு சிறுத்தை வரும் பாதையிலேயே கிடக்கிறது.

அதன்பின் ஒவ்வொரு கொழுந்துச் சுற்றுக்கும் முன்பு காவல்காரரும் நானும் காட்டோர எல்லையை நடந்து பார்த்தோம். முதல் முறை 11 கம்பிகள் கிடைத்தன. கழித்த கிளட்ச் கம்பிகளை முழுசாகக் கொடுக்காமல் துண்டாக வெட்டிப் போடும்படி டவுன் கராஜ்காரர்களிடம் கேட்டுக்கொண்டோம், அவர்களும் மறுக்கவில்லை. அடுத்த சுற்றில் கிடைத்த நான்கில் இரண்டு, அந்தத் துண்டுகளை முடிச்சுப் போட்டு நீளமாக்கியவை.