கூந்தன்குளம்: தண்ணீர் இறங்க இறங்க வளரும் நாரைக் குஞ்சுகள்

மூலைக்கரைப்பட்டியைத் தாண்டி கூந்தன்குளத்தை நெருங்கும்போது பறவைக்கு முன்னால் வருவது மீன் கவிச்சி. மாசி, பங்குனியில் போனால் தெருவிலேயே அது மூக்கில் ஏறும். அண்ணாந்து பார்த்தால் வீட்டு வாசல் வேம்பிலும் புளியிலும் கூடு கூடாக மஞ்சள் மூக்கு நாரைகள். கீழே முற்றம், திண்ணை, நிறுத்தி வைத்த பைக் எல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை. குடை எடுத்துப் போவது வெயிலுக்காக மட்டும் இல்லை.

திருநெல்வேலியிலிருந்து தெற்கே சுமார் 35 கி.மீ., நாங்குநேரி வட்டம். கூந்தன்குளம், காடன்குளம் என்ற இரண்டு பாசனக் குளங்களும் சேர்ந்து 1994-இல் சரணாலயம் ஆயின. பரப்பு 1.29 சதுர கி.மீ.தான். இப்போது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையும் மணிமுத்தாற்றுக் கால்வாய்த் தண்ணீரும்தான் குளத்தை நிரப்புகின்றன. அந்தத் தண்ணீர் எப்போது வருகிறது, எப்போது இறங்குகிறது என்பதில்தான் இந்த நாரையின் முழு ஆண்டுக் கணக்கும் அடங்கியிருக்கிறது.

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். நின்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம், சிறகு விரித்தால் ஒன்றரை மீட்டர். உடம்பு வெள்ளை. மார்பின் குறுக்கே கரும்பச்சைப் பட்டை, அதில் மீன் செதில் போல வெள்ளை வரிகள். முகத்தில் இறகே இல்லை, ஆரஞ்சு நிறத் தோல். கனத்த மஞ்சள் அலகு நுனியில் லேசாகக் கீழே வளைந்திருக்கும். ரோஜா நிறம் வாலில் இருப்பதாகப் பலரும் எழுதுகிறார்கள்; அது வால் அல்ல, மடக்கிய சிறகின் உள்ளிறகுகள் வாலை மூடி விழுகின்றன. பறக்கும்போது பார்த்தால் வால் கறுப்பு என்பது தெரிந்துவிடும். கால் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் கோடையில் வெள்ளையடித்ததுபோல இருக்கும். சூட்டைத் தணிக்கத் தன் எச்சத்தைத் தன் காலிலேயே விட்டுக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. ஆண், பெண் இரண்டும் ஒரே நிறம். ஆண் கொஞ்சம் பெரிது, அலகும் நீளம். சோடியாக நிற்கும்போது மட்டுமே இது பிடிபடும்.

தமிழில் ‘நாரை’ என்ற பெயரால் ஒரு குழப்பம் இருக்கிறது. சாம்பல் நாரை கொக்குக் குடும்பம், கழுத்தை மடித்துக்கொண்டு பறக்கும். மஞ்சள் மூக்கு நாரை கழுத்தை முன்னால் நீட்டிப் பறக்கும். பக்கத்திலேயே இருக்கும் நத்தைகுத்தி நாரைக்கு மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் இடையே சந்து தெரியும். இன்னொன்று: “சைபீரியாவிலிருந்து வருகிறது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குளிர்காலத்தில் மத்திய ஆசியப் பக்கமிருந்து இங்கே வந்து போவது பட்டைத்தலை வாத்து. அது இங்கே முட்டையிடுவதில்லை. மஞ்சள் மூக்கு நாரை நம் நாட்டுப் பறவை, தண்ணீரைத் தேடி ஊர் மாறுகிறது, அவ்வளவுதான்.

இரை தேடுவதைக் காலை ஆறு மணிக்குக் கரையிலிருந்து பாருங்கள். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, துடைப்பத்தால் கூட்டுவதுபோல இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். ஒரு காலால் சேற்றைக் கலக்கும், சில நேரம் ஒரு சிறகைச் சட்டென்று விரித்து மீனை விரட்டும். மீன் அலகின் உள்பக்கம் பட்டதும் அலகு மூடிக்கொள்ளும். கண்ணுக்கு வேலையே இல்லை. கலங்கல் நீர்தான் அதற்கு வசதி. ஆனால் இந்த முறை ஒரு சாண் ஆழத்தில்தான் பலிக்கும். குளம் நிறைந்து மறுகால் பாயும்போது நடுக்குளத்தில் எத்தனை கெண்டை துள்ளினாலும் நாரைக்குப் பயனில்லை. அப்போது அது ஓரத்திலும் அறுத்துவிட்ட வயலிலும்தான் நிற்கும்.

கூடு கட்ட நேர்மாறு. குளத்துக்குள் நிற்கும் கருவேல மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்க வேண்டும். பூனையும் நாயும் வராமல் காக்கும் அகழி அதுதான். ஊருக்குள் இருக்கும் மரங்களுக்கு அந்த அகழி இல்லை. அங்கே காவல் ஊர்க்காரர்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, கீழே விழுந்த குஞ்சை எடுத்து வனத்துறையிடம் கொடுக்கிறார்கள். எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் அவர்களுக்கு உண்டு, அதில் தவறும் இல்லை.

ஆக, நிறைந்த குளத்தில் கூடு, வற்றும் குளத்தில் தீனி. மழைக்குப் பின் ஜனவரி வாக்கில் கூட்டம் சேரும். ஆணும் பெண்ணும் சேர்ந்து குச்சியடுக்கி மேடை கட்டும். மங்கிய வெள்ளை முட்டை ஒன்று முதல் ஐந்து வரை. முந்திக் கூடு கட்டியவற்றில் எண்ணிக்கை கூடுதல். அடைகாப்பது சுமார் ஒரு மாதம், மாறி மாறி. குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் குளம் இறங்கி, மீன்கள் குட்டைகளில் ஒடுங்கும். வளரும் குஞ்சு ஒன்றுக்கு நாளைக்கு அரைக் கிலோ மீனாவது வேண்டும்; மூன்று குஞ்சு என்றால் ஒன்றரைக் கிலோ. வடியாத குளத்தில் அவ்வளவு மீன் அகப்படாது.

கணக்குத் தப்பும் இடங்களும் இவையே. மழை பொய்த்தால் கூட்டமே சேராது. தண்ணீர் சீக்கிரம் வற்றினால் மரத்தடிக்கு நாய் வரும், மீனும் தீரும். குஞ்சுகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. தீனி குறைந்தால் கடைக்குட்டிதான் முதலில் சாகும். கோடைக் காற்றுக்குக் கிளை முறிந்து விழுவதும் உண்டு.

நண்பகலில் ஒரே ஒரு கூட்டைப் பத்து நிமிடம் பாருங்கள். தாயோ தகப்பனோ சூரியனுக்கு முதுகு காட்டிச் சிறகைப் பாதி விரித்து நிற்கும். குஞ்சுகள் அந்த நிழலுக்குள் நகர்ந்து நகர்ந்து உட்காரும். இரை கொண்டு வந்தால் வாயில் ஊட்டுவதில்லை, கூட்டின் தரையில் கக்கும். குஞ்சுகள் கத்திக்கொண்டு பொறுக்கும். சில நேரம் தண்ணீரையும் கொண்டு வந்து குஞ்சுகள்மேல் கக்கும். பெரியவை பெரும்பாலும் குரல் கொடுப்பதில்லை, அலகைத் தட்டும் சத்தம்தான். ஊரில் கேட்கும் இரைச்சல் பெரும்பாலும் குஞ்சுகளுடையது.

படம் எடுப்பவர்களுக்கு ஒன்று. மரத்தடியில் நின்று கை தட்டிப் பறக்கவிடாதீர்கள். பெரியது எழுந்தால் காகம் முட்டைக்கு வந்துவிடும், முட்டை இல்லாவிட்டால் வெயில் குஞ்சைத் தாக்கும். மிரண்ட குஞ்சு தின்றதைக் கக்கிவிட்டுச் செத்ததுபோலப் படுத்துக்கொள்ளும். அந்த வேளைத் தீனி வீண். 300 மி.மீ. லென்ஸ் ஊருக்குள் தாராளம், குளத்துக்கு 400 வேண்டும். பத்து மணிக்கு மேல் கானல் அலைந்து படம் கூர்மையாக வராது; அதன்பின் பைனாகுலர் போதும். டிரோன் கொண்டு போகவே வேண்டாம்.

மே, ஜூனில் போனால் பழுப்பு நிறக் குஞ்சுகள் கிளை நுனியில் நின்று சிறகடித்துப் பழகும். மார்புப் பட்டை இன்னும் வந்திருக்காது. முழு நிறம் ஏற மூன்று ஆண்டு ஆகும். ஜூலையில் மரங்களில் குச்சிக் கூடுகள் மட்டும் மிஞ்சும், கவிச்சியும் ஒரு மழையில் போய்விடும்.