வயோமிங் ராஞ்சுல வளந்த குதிரைக்குட்டியைப் பழக்கின கதை

2022 அக்டோபர்ல அமெரிக்காவுல வயோமிங் மாநிலத்துல ஒரு ராஞ்சுல (பெரிய மேய்ச்சல் பண்ணை) இருந்து 17 மாசக் குதிரைக்குட்டி ஒண்ணு வாங்கினோம். குவார்ட்டர் ஹார்ஸ் ஜாதி, மணல் நிற உடம்பு, கறுப்புப் பிடரி, காயடிச்சது. நாங்க இருக்கறது கொலராடோல, டென்வருக்குக் கிழக்கால, எப்பப் பாத்தாலும் காத்து அடிச்சிக்கிட்டே இருக்கற சமவெளி. எனக்கு அதுக்கு முன்னாடி நாலு வருஷம் குதிரை ஓட்டின அனுபவம் இருந்துச்சு, ஆனா எல்லாம் நல்லாப் பழகின வயசான குதிரைங்க. குட்டியைப் பழக்கறது முழுக்க வேற விஷயம்னு இவன் வந்த பிறகுதான் தெரிஞ்சுது.

ராஞ்சுல வளந்ததுன்னா பிறந்ததுல இருந்து மந்தையோட பெரிய மேய்ச்சல் நிலத்துல சுத்தும், கல்லு மேடு ஓடைன்னு எல்லாத்துலயும் ஓடி ஓடி காலும் குளம்பும் கெட்டியா இருக்கும், குதிரைகளுக்குள்ள எப்படி நடந்துக்கணும்னு பெரிய பொட்டைக் குதிரைங்க கடிச்சும் உதைச்சும் சொல்லிக் குடுத்திருக்கும். மனுஷங்ககிட்டதான் பழக்கமே இருக்காது. இவனை மனுஷக் கை தொட்டது சூடு வைக்க ஒரு தடவை, தாய்கிட்ட இருந்து பிரிக்க ஒரு தடவை, காயடிக்க ஒரு தடவை. மூணுமே அவனுக்குக் கஷ்ட காலம். நம்மளப் பாத்தா அவனுக்கு வேற என்ன ஞாபகம் வரும்?

பேப்பர் வேலையைச் சுருக்கமாச் சொல்லிடறேன். சூட்டுக்குறியப் பாத்து குதிரை யாருதுன்னு இன்ஸ்பெக்டர் எழுதித் தர்ற சீட்டு, தொத்து ரத்தசோகை இருக்கான்னு பாக்கற காகின்ஸ் ரத்தப் பரிசோதனை, வெட் (கால்நடை டாக்டர்) தர்ற ஹெல்த் சர்டிபிகேட், இது மூணையும் கையில வாங்கிக்கிட்டுதான் மாநில எல்லையைத் தாண்டினோம். ஜீன் டெஸ்ட் ரிசல்ட்டையும் கண்டிப்பாக் கேளுங்க, 1969ல பிறந்த இம்ப்ரெசிவ்ங்கற பேர்போன குவார்ட்டர் ஹார்ஸோட வம்சத்துல தசை நடுங்கிக் கீழ விழற நோய் ஒண்ணு இறங்கி வந்திருக்கு. எங்க சொந்த ஊரு அந்தியூர்ப் பக்கம், குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்குக் கூடற குதிரைச் சந்தையப் பாத்தே வளந்தவர் எங்கப்பா, போன்ல அவர் முதல்ல கேட்டது "சுழி பாத்தியா கண்ணு?"ன்னுதான். நெத்தில ஒத்தச் சுழி, கண்ணுக்குக் கொஞ்சம் மேலன்னு சொன்னப்புறம்தான் வெல எவ்வளவுன்னே கேட்டார்.

முதல் வாரம் குட்டி மூலைய விட்டு நகரவே இல்ல. நான் உள்ள போனா பின்பக்கத்த என் பக்கம் திருப்பி நிப்பான், கிட்ட வந்தா உதைப்பேன்னு அர்த்தம். பக்கத்துல 70 வயசு பண்ணைக்காரர் ஒருத்தர் இருக்கார், அவர் வேலி மேல சாஞ்சு கொஞ்ச நேரம் பாத்துட்டு, நீ பிடிக்கப் போகாத, அவன் உன்னப் பாக்கறப்ப நீ பின்னால போ, அது போதும்னார். டாம் டாரன்ஸ், ரே ஹன்ட்னு பேர்போன குதிரைப் பழக்கறவங்க ரெண்டு பேரும் அமெரிக்காவோட மேற்குப் பக்கம் பரப்பின வழி இதுதானாம். அதுக்கு முன்னாடி பல இடத்துல கட்டிப்போட்டு, சேணம் ஏத்தி, துள்ளித் துள்ளி ஓயற வரைக்கும் மேல உக்காந்து அடக்கறதுதான் வழக்கம்.

சொன்ன மாதிரியே செஞ்சேன். ஒரு அடி முன்னால போவேன், அவன் ரெண்டு கண்ணாலயும் என்னப் பாத்தா உடனே நின்னு ஒரு அடி பின்னால போயிடுவேன். தினமும் அரை மணி நேரம் இதே வேலை. ஒன்பதாவது நாள் வாளியக் கவுத்துப் போட்டு முதுகு காட்டி உக்காந்திருந்தேன், பின்னால சுடுமூச்சு, காய்ஞ்ச புல்லு வாசனை, மீசை முடி கழுத்துல குத்துது. நான் அசையல. தோள்ல மூக்க வச்சு ரெண்டு தடவ மோந்துட்டுப் போய்ட்டான். அப்பறம் கொஞ்சம் தள்ளி நின்னு நாக்கச் சப்பி வாய மென்னான். குதிரை பதட்டத்துல இருந்து இறங்கும்போது பல தடவ இப்படிச் செய்யும்.

அதுக்கப்பறம்தான் நான் அவசரப்பட்டேன். மூணாவது வாரம் ஹால்டர் (கயிறு கட்டிப் பிடிக்கற தலைப்பட்டை) மாட்டிட்டேன், மாட்டினதுல சந்தோஷம் தாங்கல, அன்னிக்கே கயித்தப் பிடிச்சு நடத்தப் பாத்தேன். அவன் பின்னால இழுத்தான், நானும் விடாம இழுத்தேன், கையில க்ளவுஸ் இல்ல, கயிறு உருவிட்டுப் போச்சு, உள்ளங்கைத் தோலு போயிடுச்சு. கை பத்து நாள்ல ஆறிடுச்சு, அவன் மறுபடி கிட்ட வர மூணு வாரம் ஆச்சு. தப்பு எங்கன்னா, அவன் தலைய ஒரு அங்குலம் என் பக்கம் திருப்பின நிமிஷத்துல நான் கயித்தத் தளர்த்தியிருக்கணும். இழுக்கறதுல குதிரை எதையும் கத்துக்கறதில்ல, இழுப்பு விட்டுப்போற அந்த நொடியிலதான் ஓஹோ இதத்தான் கேட்டாங்களான்னு அதுக்குப் பிடிபடும். ரெண்டு நொடி லேட்டா விட்டா வேற எதையோ கத்துக்கும்.

இன்னொண்ணு, கண்ணு. குதிரைக்குக் கண்ணு ரெண்டு பக்கவாட்டுல இருக்கு, கிட்டத்தட்ட சுத்தி எல்லாம் தெரியும், நெத்திக்கு நேர் முன்னாலயும் வாலுக்கு நேர் பின்னாலயும் மட்டும் தெரியாது. அதனால நேரா பின்னால இருந்து போகவே கூடாது, தோள் பக்கமா பேசிக்கிட்டே போகணும். நீலத் தார்ப்பாய் ஒண்ண இடது பக்கம் காட்டிக் காட்டி பழக்கிட்டேன், மேல போத்தினாக்கூட நிப்பான். அதே தார்ப்பாயோட வலது பக்கம் போனேன், தோள் சதை மீன் மாதிரி துடிச்சுது, மூக்கு விரிஞ்சுது, ஒரே தாவு. அந்தப் பக்கம் திரும்ப முதல்ல இருந்து. எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் சொல்லிக் குடுக்கணும்னு நோட்டுல பெருசா எழுதி வச்சிருக்கேன்.

சாப்பாடு பத்தி நிறைய பேரு கேக்கறாங்க. உடம்பு எடைல 2 சதவீதம் காய்ஞ்ச புல்லு, அவன் அப்ப 350 கிலோ, அதனால நாளைக்கு 7 கிலோ, கூட கொஞ்சம் குதிரைமசால், மினரல், உப்புக்கட்டி. தானியத்த அள்ளிக் கொட்டி சீக்கிரம் பெருசாக்கப் பாக்காதீங்க, வளர்ற எலும்பும் மூட்டும் கெட்டுப்போகும். குளிர்காலத்துல தண்ணித் தொட்டிக்கு ஹீட்டர் போட்டே ஆகணும், தண்ணி குறைஞ்சா குடல் அடைச்சுக்கும், குதிரையால வாந்தி எடுக்கவும் முடியாது, வயித்துவலியே உயிருக்கு உலை வச்சிடும். ஆறுல இருந்து எட்டு வாரத்துக்கு ஒருதடவ குளம்பு சீவணும். அதுக்காக தினமும் ஒவ்வொரு காலாத் தூக்கிப் பழக்கினேன், முதல்ல ஒரு நொடி தூக்கி அவன் பிடுங்கறதுக்கு முன்னாடியே நானே கீழ வச்சிடுவேன், அப்பறம் மூணு நொடி, பத்து நொடின்னு. வலது பின்னங்காலு மட்டும் நாலு மாசம் எடுத்துச்சு.

ரெண்டு வயசுலயே ஏறிடலாமேன்னு பலரும் சொன்னாங்க, இங்க அது சகஜம்தான். நான் மாட்டேன்னுட்டேன். ரெண்டு வயசுல முழங்கால் எலும்பே அப்பதான் வளந்து முடியற நிலைல இருக்கும், முதுகெலும்பு முழுசா முத்த அஞ்சு வயசுக்கு மேல ஆகும். ஓநாய்ப் பல்லுன்னு ஒரு சின்னப் பல்லு, இரும்புக் கடிவாளம் அதுல பட்டா வலிக்கும், அதையும் வெட் மயக்கம் குடுத்து எடுத்தார்.

2024 மே மாசம், மூணு வயசுல முதல் தடவ ஏறினேன். அதுக்கு முன்னாடி சேணத்தோட மாசக்கணக்கா நடந்திருந்தான், தலையை ஒரு பக்கம் மடக்கி நிக்கப் பழகியிருந்தான், நான் அவன் முதுகு மேல குறுக்கக் குப்புறப் படுத்து இறங்கறதயும் நூறு தடவ பாத்துட்டான். வாய்ல இரும்பு இல்ல, மூக்குப்பட்டை மட்டும். ஏறி உக்காந்தேன். காது ரெண்டும் என் பக்கம் திரும்பிச்சு. தலையத் திருப்பி என் ஷூவ மோந்தான், இடது பக்கம் ஒரு தடவ, வலது பக்கம் ஒரு தடவ. பிடரியத் தடவிட்டு இறங்கிட்டேன், மொத்தம் ரெண்டு நிமிஷம் இருக்கும். சேணத்தக் கழட்டி விட்டதும் அவன் போகல, தண்ணித் தொட்டி வரைக்கும் என் பின்னாலயே வந்தான்.