நுவரெலியா நாட்குறிப்பு: ஒரே வாய், இரண்டு குழி

ஜனவரி 20

பொங்கல் கழிந்த கையோடு மாஸ்டர் வந்துவிட்டார். கீழ்க் கடைவாயில் ஒன்று, மேலே ஒன்று. செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் இறக்கும் திருகுதான் இம்ப்ளான்ட்; இரண்டும் ஒரே அளவு. குழி போடும் விதம்தான் வேறு.

கீழ்த்தாடை பலாப்பலகை மாதிரி கெட்டி. கடைசி ட்ரில் வரை போட்டு, முழு அகலத்துக்குத் திறந்தேன். இறுக்கம் கூடினால் விளிம்பு எலும்பு நசுங்கி, இரத்த ஓட்டம் குறைந்து கரைய ஆரம்பிக்கும். ட்ரில்லையும் ஒரேயடியாக அழுத்தவில்லை. ஏற்றி இறக்கினால்தான் சூட்டைத் தணிக்கும் சேலைன் (உப்புநீர்) அடிவரை போகும். 47 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு கெடும் என்று ஆய்வாளர்கள் எரிக்சனும் அல்பிரெக்ட்சனும் 1983இல் முயல்களில் காட்டிவிட்டார்கள். இந்தக் குளிருக்கு மேசையிலுள்ள போத்தலே போதும் என்பார் நர்ஸ். நான் ஃப்ரிட்ஜில் வைத்ததைத்தான் கேட்பேன். ட்ரில் பள்ளங்களில் ஒட்டி வந்த துகள் இரத்தம் கலந்து வெளிறி இருந்தது. பழுப்பாக வந்திருந்தால் கவலைப்பட்டிருப்பேன்.

மேலே எலும்பு பொலபொலவென்று. கடைசி ட்ரில்லை விட்டுவிட்டேன். குழி சற்றே சிறிதாக இருந்தால், இம்ப்ளான்ட் இறங்கும்போதே சுற்றியுள்ள எலும்பை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஐஎஸ்கியூ (இம்ப்ளான்ட் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்ற அளவு, 100க்கு): கீழே 77, மேலே 65.

ஜனவரி 28

தையல் பிரித்தேன். வீக்கம் இல்லை. வெற்றிலையை விட்டாராம், நாக்கு அப்படிச் சொல்லவில்லை.

பெப்ரவரி 17

கீழே 72, மேலே 59. மாஸ்டருக்கு முகம் வாடிவிட்டது. “இறங்குதே டொக்டர், பழுதாப் போச்சா?”

இது இறங்கும் காலம்தான். முதல் நாள் பிடி பழைய எலும்பின் பிடி. ட்ரில் காயப்படுத்திய ஓரத்தை உடல் அரித்து எடுக்கிறது; அந்த இடத்தில் புது எலும்பு இன்னும் இளசாக இருக்கிறது. மூன்றாம் நான்காம் வாரத்தில் பழையது தளர்ந்து, புதியது பிடிக்காமல் இருக்கும். இப்போது அந்தப் பக்கம் முறுக்குக் கடித்தால்தான் பழுதாகும். வலியும் இல்லை, ஆட்டமும் இல்லை. சரி, போய் வாருங்கள் என்றேன்.

ஏப்ரல் 29

கீழே 79. மேலே 69, பரவாயில்லை, ஏறுகிறது.

கீழ்ப்பல்லுக்கு அளவு எடுத்தாயிற்று. மேலதுக்கு ஜூலை வரை பொறுக்கச் சொன்னேன். “ஒரே நாளில்தானே போட்டீங்க?” என்று பேரம் பேசிப் பார்த்தார். மசியவில்லை. அப்புறம் பல்லின் நிறத்துக்கு வந்தார்: வெள்ளை வெளேரென்று வேண்டுமாம். பக்கத்துப் பல்லில் வெற்றிலைக் கறை அப்படியே இருக்கிறது. முதலில் கிளீனிங், பிறகு நிறம்.